ஓசை எங்கிருந்து எழுகின்றது?

மலைநாட்டுத் தோட்டப் பாதையொன்றில் பழைய லான்ட் றோவர் வாகனம் ஏறிக்கொண்டிருக்கின்றது. பின்புறத்தில் உர மூடைகள் அடுக்கப்பட்டுள்ளன. வளைவைக் கடந்து சாரதி வேகத்தைக் கூட்டியதும், காலடியின் கீழே "டொக்" என்றோர் ஓசை எழுகின்றது, பின் அடங்குகின்றது, அடுத்த வளைவில் மீண்டும் எழுகின்றது. இதனைக் கேட்ட சாரதி இரு தவறுகளுள் ஒன்றைச் செய்தல் கூடும். "பழைய வண்டி, அப்படித்தான் சத்தம் போடும்" என்று வாளா இருந்துவிடுவது ஒன்று. "கியர்ப் பெட்டி போய்விட்டது" என அஞ்சி, அதனை முற்றாகக் கழற்றிவிடச் செய்வது மற்றொன்று. முன்னையது உயிருக்கு ஆபத்து. பின்னையது பணத்துக்கு நட்டம். இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கு வழியுண்டு. ஓசை எப்பொழுது எழுகின்றது, எப்பொழுது ஓய்கின்றது என்பதை ஒழுங்காகப் பிரித்து அறிவதே அவ்வழியாகும்.

1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட இவ்வாகனம், தகட்டு வில்களுடன் கூடிய தன் பழைய வடிவில் 1985ஆம் ஆண்டுவரை உற்பத்தி செய்யப்பட்டது. அவற்றுட் பல இன்றும் பாதைகளில் ஓடுகின்றன. இயந்திரத்தின் வலு கிளச்சின் வழியாகக் கியர்ப் பெட்டியை அடைகின்றது. அதனை அடுத்துள்ள திரான்ஸ்பர் பெட்டி, வலுவை முன்னும் பின்னும் செல்லும் இரு செலுத்து தண்டுகளுக்குப் பகிர்கின்றது. ஒவ்வொரு தண்டின் முனையிலும் சிலுவை வடிவான யூனிவேர்சல் ஜொயின்ற் உண்டு. தண்டுகள் டிபரென்சியலைச் சுழற்ற, அங்கிருந்து அரைத்தண்டுகள் சில்லுகளைச் சுழற்றுகின்றன. இந்த வழியை மனத்தில் இருத்திக் கொண்டவருக்கு, ஓசையைத் தேடுவது எளிதாகும்.

முதலிற் பார்க்க வேண்டியது நாற்சில்லு இயக்கத்தைச் சேர்க்கும் மஞ்சட் குமிழ். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீண்ட தூரம் ஓடுகின்றன. இவ்வாகனத்தின் நடுவில் அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் டிபரென்சியல் கிடையாது. சேற்று நிலத்தில் சில்லு சிறிது வழுக்கி அதனைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார்ப் பாதையில் வழுக்க இயலாமையால் தண்டுகள் முறுக்கேறி முனகும், இடிக்கும். குமிழ் அழுத்தப்பட்டிருந்ததே காரணமாயின், அதனை விடுவித்துச் சற்றுப் பின்னோக்கிச் செலுத்தினாற் போதும். கோளாறு எதுவும் இல்லை.

அடுத்தது நிற்கும் நிலைச் சோதனை. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, கியர் போடாது இயந்திரத்தை ஓடவிடல் வேண்டும். எழும் ஓசை கிளச்சை மிதித்ததும் மறைந்தால், கியர்ப் பெட்டியினுட் சுழலும் தண்டுகளின் பெயாரிங் தேய்ந்திருத்தல் கூடும். மாறாக, மிதிக்கும்போதுதான் ஓசை தோன்றுமாயின், கிளச்சை விடுவிக்கும் பெயாரிங்கே ஐயத்துக்குரியது. நிற்கும்போது ஒன்றும் கேளாது, ஓடும்போது மாத்திரம் கேட்குமாயின் தேடல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஓட்டச் சோதனையிற் கியர்களே சாட்சி கூறும். நான்காம் கியரில் வலு நேராகச் செல்வதால், கீழுள்ள துணைத் தண்டு சுழன்றாலும் சுமை தாங்குவதில்லை. ஆகவே முதல் மூன்று கியர்களில் இரைந்து, நான்காவதில் அமைதி பெறும் ஓசை துணைத் தண்டைச் சுட்டும். ஒரே கியரில் மட்டும் எழுவது அக்கியரின் பற்களைச் சுட்டும். எல்லாக் கியர்களிலும் ஒரே தன்மையாய், வாகன வேகத்தோடு மட்டும் கூடிக் குறையுமாயின், திரான்ஸ்பர் பெட்டியிலிருந்து சில்லு வரையுள்ள பகுதியிலே தேட வேண்டும். பாதையின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால், அது பெரும்பாலும் ரயரின் இரைச்சலேயாம்.

இங்கே எண்ணிப் பார்க்கும் முறையொன்று பெரிதும் உதவும். இவ்வாகனங்களிற் பொதுவாகச் சில்லு ஒரு முறை சுழல்வதற்குச் செலுத்து தண்டு 4.7 முறை சுழலும். மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்திற் செல்கையில், சில்லு செக்கனுக்கு ஒரு சுற்றுச் சுற்றும். தண்டோ ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றும். ஆதலால் செக்கனுக்கு ஒரு முறை "டிக்" என்பது சில்லு அல்லது அதன் அருகிலுள்ள உறுப்பின் குரல். விரைந்து "கீச், கீச்" என ஒலிப்பது கிறீஸ் வற்றிய ஜொயின்ற்றின் குரல். வேகத்தை அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் தொனி மாறினால், டிபரென்சியலின் பற்சில்லுகளை ஆராய வேண்டும். புறப்படும்போதும், காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போதும் ஒரே ஒரு இடியாகக் கேட்பது, எங்கோ தளர்ச்சி உண்டென்பதன் அடையாளம். தொடக்கத்திற் கூறிய சாரதி கேட்டது இவ்வகை ஓசையே.

அத்தளர்ச்சியைக் கையாலே கண்டுகொள்ளலாம். இயந்திரத்தை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தபின், ஜொயின்ற்றின் இரு புறத்தையும் இரு கைகளாற் பற்றி எதிரெதிராக முறுக்கிப் பார்க்க வேண்டும். சிலுவைக்கும் அதன் குவளைக்கும் இடையே அசைவு தெரிந்தாலோ, அவ்விடத்திற் செந்நிறத் துருத் தூள் படிந்திருந்தாலோ, உள்ளிருக்கும் ஊசி பெயாரிங்குகள் தேய்ந்துவிட்டன என்பது உறுதி. முன்புறமா பின்புறமா என்ற ஐயம் தீராவிடின், முன் செலுத்து தண்டின் போல்ற்றுகளைக் கழற்றித் தண்டை எடுத்துவிட்டு, மஞ்சட் குமிழை அழுத்தாமற் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். பின் சில்லுகளே வாகனத்தைக் கொண்டு செல்லும். ஓசை மறைந்தால் குறை முன்புறத்தது. பெட்டிகளின் எண்ணெயை வடித்துப் பார்ப்பதும் நன்று. மென்மையான தூள் வயதின் தேய்வு. உலோகச் சில்லம் உடைவின் அறிகுறி.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று வினவலாம். இதற்கான விடை கைப் பிறேக்கில் இருக்கின்றது. இவ்வாகனத்தின் கைப் பிறேக் சில்லுகளில் அமைந்ததன்று. திரான்ஸ்பர் பெட்டியின் பின்னே, பின் செலுத்து தண்டு தொடங்கும் இடத்திலேயே அது பிடிக்கின்றது. நாற்சில்லு இயக்கம் சேர்க்கப்படாத வேளையில் பின் ஜொயின்ற் உடைந்தாலோ, பின் அரைத்தண்டு ஒன்று முறிந்தாலோ, கைப் பிறேக் தன் உருளையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். வாகனமோ சரிவில் உருண்டு செல்லும். பின் சில்லு ஒன்றை ஜாக்கியால் உயர்த்தும்போதும் இதே ஆபத்து உண்டு. உயர்ந்த சில்லு சுழல, தரையிலுள்ள சில்லு எதிர்ப்புறமாக உருளும். ஆகவே வாகனத்தின் கீழே குனியுமுன், கைப் பிறேக்கை மட்டும் நம்பாது கட்டையோ கல்லோ அடை வைப்பது தவிர்க்க முடியாத கடமையாகும்.

உர மூடைகளோடு மலையேறிய அச்சாரதி, சமதரையொன்றில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, தண்டை அசைத்துப் பார்ப்பாராயின், ஒரு சிறு சிலுவை மூட்டை மாற்றும் செலவோடு அவருடைய கவலை நீங்கக் கூடும். பழைய வாகனத்தின் ஒவ்வோர் ஓசைக்கும் ஓர் இடமும் ஒரு காரணமும் உண்டு. அதனைப் பொறுமையோடு கேட்டறிந்த பின்னரே, கழற்றும் கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும்.