தோட்டப் பள்ளியின் எண்கள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே மாநிலத்தின் பழைய வரைபடம் ஒன்று கண்முன் விரியும். லாபு, லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், ரீஜண்ட், கெட்டிஸ், பத்தாங் பெனார் என வரிசையாகத் தோட்டப் பெயர்களே வரும். தோட்டம் மறைந்து வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னும், அதன் பெயரைச் சுமந்து நிற்கும் பள்ளிகள் நம் நாட்டில் பல.

இப்பள்ளிகள் தோன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஆங்கிலேயர் ஆட்சியின்போது இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது; ஆனால், அது எத்தகைய பள்ளி என்பதைச் சட்டம் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் என்பதே பல தோட்டங்களின் நிலை. சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் பயின்றவர்கள் ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தால், பள்ளிக்கு அறுபது மாணவர்கூட இல்லை. ஆகவே, மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளி என்பது புதிய செய்தியன்று. அன்று பள்ளி சிறியதாக இருந்ததற்குத் தோட்டம் தனித்துக் கிடந்தது காரணம். லயத்தில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. இன்று பள்ளி சிறுத்திருப்பதற்கு லயமே வெறுமையாகிவிட்டது காரணம்.

இந்த மாற்றம் மரத்தில் தொடங்கியது. ரப்பர் மரத்தை அதிகாலையிலேயே சீவ வேண்டும். பால் எடுக்க வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் அதில் வேலை இருந்தது. குடும்பம் தோட்டத்திலேயே தங்கியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. ரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. பின்னர் நகரத்தை ஒட்டிய நிலங்கள் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விலைபோயின. சிரம்பான், நீலாய், செனாவாங் பகுதிகளைச் சுற்றி வந்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். குடும்பங்கள் வேலை தேடி நகரத்திற்குப் பெயர்ந்தன. எஞ்சிய தோட்ட வேலைகளைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். அவர்கள் வேலை அனுமதியுடன் தனியாக வருபவர்கள். காலைப் பிரட்டுக்கு ஆள் நிற்கிறது. ஆயாக்கொட்டகையில் குழந்தை இல்லை.

நகரத்திற்குச் சென்ற குடும்பங்களிலும் பிள்ளைகள் குறைவு. ஒரு சமூகத்தின் எண்ணிக்கை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் தேவை என்பார்கள். மலேசிய இந்தியரிடையே இந்த அளவு அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 1.2க்கு இறங்கிவிட்டது. 2009ஆம் ஆண்டில் நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் ஏறக்குறைய 109,000 மாணவர்கள் பயின்றனர். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது 80,000 அளவுக்குக் குறைந்தது.

மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியின் தரமும் குறைந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். தேர்ச்சி விழுக்காட்டைச் சான்றாகவும் காட்டுவர். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒரு தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டில் ஐந்து மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐவரும் தேர்ச்சி பெற்றால் 100 விழுக்காடு. மறு ஆண்டு ஐவரில் ஒருவர் காய்ச்சலோடு தேர்வெழுதுகிறார். இன்னொருவருக்கு மலாய்க் கட்டுரை கைகொடுக்கவில்லை. தேர்ச்சி 60 விழுக்காடாகிவிடும். 'நாற்பது புள்ளிகள் சரிவு' என்றால் கேட்பவர் திடுக்கிடுவார். நடந்ததென்னவோ இரண்டு பிள்ளைகளின் கதை. நூறு பேர் எழுதும் நகரப் பள்ளியில் அதே இருவரால் இரண்டே புள்ளிகள்தாம் குறையும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். சிறிய பள்ளியின் அடைவை அறிய ஓராண்டு போதாது. ஐந்தாறு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை.

1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. இப்பொழுது வகுப்பறை மதிப்பீட்டின் வழி மாணவரின் அடைவு நிலை ஒன்று முதல் ஆறுவரை குறிக்கப்படுகிறது. பள்ளிகளை வரிசைப்படுத்தும் பழக்கம் மட்டும் மக்களைவிட்டு இன்னும் போகவில்லை.

விழுக்காடு மறைக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. சொந்த வாகனமும் நிலையான வருமானமும் உள்ள பெற்றோர் பிள்ளையை நகரப் பள்ளியில் சேர்க்க முடியும். அது முடியாதவர்களின் பிள்ளைகளே தோட்டப் பள்ளியில் மிஞ்சுகின்றனர். வீட்டில் படிக்க மேசை இல்லாத பிள்ளையின் மதிப்பெண்ணையும் மாலையில் துணைப்பாட வகுப்புக்குச் செல்லும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்துவிட்டுப் பள்ளியைக் குறை கூறுவது முறையாகாது.

150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு 'மாணவர் குறைந்த பள்ளி' என வகைப்படுத்துகிறது. எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கினால் இணைப்பு வகுப்பு வரும். ஒன்றாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே வகுப்பறையில் அமரும். ஒரு பக்கம் எழுத்துக்கூட்டி வாசிக்க, மறுபக்கம் வாக்கியம் அமைப்பார்கள். ஆசிரியருக்கு இது இரட்டை வேலை. ஆயினும், எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் தடுமாற்றம் என்பது அவருக்குத் தெரியும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அது எளிதன்று. இழப்பும் இல்லாமல் இல்லை. காற்பந்துக் குழு அமைக்கப் பதினொருவர் வேண்டும். விவாதத்திற்கு எதிரணி வேண்டும்.

இதற்குத் தீர்வாகச் சில தோட்டப் பள்ளிகள் மக்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. நிலமும் இதில் ஒரு சிக்கல். பல தோட்டப் பள்ளிகள் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்து வந்தன. புதிய இடம் கிடைத்தால் நல்ல கட்டடம் எழும்பும், எண்ணிக்கையும் உயரும். ஆனால், தோட்டத்திலேயே எஞ்சிவிட்ட பத்துப் பிள்ளைகள் விடியும் முன் எழுந்து பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். பேருந்துக் கட்டணத்தை யார் செலுத்துவது என்ற கேள்வி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழும்.

அதனால்தான் முதலாம் ஆண்டுப் பதிவுக்கு நெடுநாள் முன்பே பல தலைமையாசிரியர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். அவர்கள் கேட்பது சென்ற ஆண்டு விழுக்காட்டை அன்று. பாலர் வகுப்பில் இப்பொழுது எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் யார் அடுத்த ஆண்டு தமிழ்ப்பள்ளிக்கு வருவார்கள் என்பதையே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.