பொம்மை ரெயிலுக்குப் பொட்டு விளக்கு! கரண்ட் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ரெயில் எஞ்சின். அதன் நெற்றியில் மிளகு சைசில் ஒரு விளக்கு. கரண்ட் கொடுத்ததும் "பளிச்" என்று எரிகிறது. கடைசிப் பெட்டியின் முதுகில் சிவப்பு வெளிச்சம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், அசல் எக்ஸ்பிரஸ் போவது போலவே இருக்கும்!

வீட்டு மேஜை மேலேயே செய்து முடிக்கிற வேலைதான் இது. விளக்குக்கும் அதன் உதிரிக்கும் ஆகிற செலவு சில ரூபாய்.

ஆனால் அவசரப்பட்டால் ரெயிலும் போகும். சில சமயம் ஆளுக்கே ஆபத்து!

87-ல் ஒரு பங்கு

மாடல் ரெயில் பிரியர்களிடம் அதிகம் புழங்குகிற சைசுக்கு "எச்.ஓ." என்று பெயர். அசல் ரெயிலில் 87-ல் ஒரு பங்கு. 20 மீட்டர் எஞ்சின் இதிலே 23 சென்டிமீட்டர்தான்.

இந்த ரெயிலுக்குத் தண்டவாளமே கரண்ட் கம்பி. சாதாரண செட்டில் அதிகபட்சம் 12 வோல்ட் டி.சி. கரண்ட் ஓடுகிறது. அது சக்கரம் வழியாக ஏறி மோட்டாரைச் சுற்றுகிறது. அதே கரண்டில் கொஞ்சம் பிரித்து விட்டால் விளக்கும் எரியும்.

ஒரு காலத்தில் இதற்குக் கோதுமை மணி அளவு குட்டி பல்பு போட்டார்கள். அழகாகத்தான் எரியும். ஆனால் சூடு ஏறி, எஞ்சினின் பிளாஸ்டிக் மூக்கு இளகிவிடும்!

இப்போது எல்லாம் எல்.இ.டி. மயம். சிவப்பு எல்.இ.டி. அமெரிக்காவில் 1962-லேயே வந்துவிட்டது. வெள்ளை வெளிச்சத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டி வந்தது. பளிச்சென்ற நீல எல்.இ.டி. பிறந்த பிறகுதான் அது சாத்தியமானது. அந்த நீல விளக்குக்காக ஜப்பானில் பிறந்த 3 விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எஞ்சினுக்குள் வைக்கிற "0603" ரக எல்.இ.டி.யின் நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8 மில்லிமீட்டர். தும்மினால் பறந்துவிடும்!

"எத்தனை வோல்ட்டு தம்பி?"

சென்னையில் இந்தச் சாமான்களுக்கு மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருதான்.

"அண்ணே, வெள்ளை எல்.இ.டி. ஒண்ணு, சிவப்பு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் "எத்தனை வோல்ட்டுல போடப் போறே தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். சூட்சுமமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வெள்ளை எல்.இ.டி.க்குத் தேவை சுமார் 3 வோல்ட். தண்டவாளத்தில் வருவதோ 12. மீதி 9 வோல்ட்டை யார் சுமப்பது? அதற்குத்தான் ரெசிஸ்டர் என்ற குட்டி உதிரி. 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் சேர்த்தால், விளக்கில் ஓடுவது 9 மில்லி ஆம்பியர்தான். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. 20 வரை தாங்கும். ஆகவே பயமில்லை. ரெசிஸ்டரும் கால் வாட் போதும். பொடி ரக விளக்கு என்றால் இன்னும் பெரிய ஓம் போடுவது நல்லது.

ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால்? ஒரு மின்னல், கொஞ்சம் நாற்றம். கதை முடிந்தது!

முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு

டி.சி. ரெயிலை ரிவர்சில் விட்டால் தண்டவாளத்தின் பிளஸ், மைனஸ் இடம் மாறும். எல்.இ.டி. ஒரு பக்கக் கரண்டுக்குத்தான் எரியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்!

வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைத்து, ஒரே ரெசிஸ்டரில் கட்டிவிட்டால் போதும். முன்னே போனால் வெள்ளை, பின்னே வந்தால் சிவப்பு. தனி சுவிட்சே வேண்டாம். புது எல்.இ.டி.யில் நீளமான கால்தான் பிளஸ்.

விளக்கு "மினுக் மினுக்" என்று விட்டு விட்டு எரிந்தால் விளக்கைத் திட்டாதீர்கள். சக்கரத்திலும் தண்டவாளத்திலும் அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகும். எஞ்சின் உடம்பெல்லாம் வெளிச்சம் கசிந்தால் உள்பக்கம் கருப்பு பெயிண்ட் அடிக்க வேண்டும்.

டிஜிட்டல் செட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் ஓடும். விளக்கின் வயர், எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடருக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் ரெசிஸ்டர் தேவை.

சிவப்பு விளக்கு சும்மா இல்லை!

எழும்பூர் பிளாட்பாரத்தில் ராத்திரி நின்று, புறப்படுகிற ரெயிலின் கடைசிப் பெட்டியைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியும். ரெயில் கடக்கும்போது ஸ்டேஷன் ஊழியர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். விளக்கு இருந்தால் ரெயில் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால், பெட்டி ஏதாவது கழன்று பின்னாலே லைனில் நிற்கிறதோ என்று உஷாராகிவிடுவார்கள். பொம்மை ரெயிலிலும் அந்தச் சிவப்புப் பொட்டு கடைசிப் பெட்டியில் இருந்தால்தான் ரெயில் முழுமை.

உயிரோடு விளையாடாதே!

இனிதான் முக்கியமான விஷயம்.

கோவில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாட்டுகிற சீரியல் செட்டை வெட்டி ரெயிலில் வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். கூடவே கூடாது! பல்பு சின்னதுதான். ஆனால் பல சீரியல் செட்டுகளில் ஓடுவது வீட்டுக் கரண்ட், 230 வோல்ட். பழைய எல்.இ.டி. பல்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை எடுப்பதும் அதே ஆபத்துதான். தண்டவாளம் மூடாத உலோகம். குழந்தை கை வைக்கிற இடம். அங்கே செட்டோடு வந்த அடாப்டரைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது.

பெட்டிக்குள் பட்டன் பேட்டரி வைத்து விளக்கு எரிப்பவர்களும் உண்டு. அந்த மூடிக்குக் கட்டாயம் ஸ்குரு இருக்க வேண்டும். காசு மாதிரி இருக்கும் அந்த லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது தொண்டைக் குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். உயிரே போன சம்பவங்களும் உண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், "வெளியே வந்துடும்" என்று வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு உட்காராமல், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பற்ற வைக்கிற சால்டரில் ஈயம் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சுவிட்சைப் போடும் முன் 3 கேள்வி: கரண்ட் அடாப்டரிலிருந்து வருகிறதா? ரெசிஸ்டர் இருக்கிறதா? பேட்டரி மூடி இறுக்கமா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் பச்சைக் கொடி காட்டலாம்!