அடிமரத்தில் பூக்கும் காடு

குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. மற்ற மரங்களைப் போலக் கிளை நுனியில் அல்லாமல், அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் பலா காய்க்கிறது. வெப்பமண்டல மழைக்காட்டு மரங்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம் இது. பலாவின் பூர்வீகமும் மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

குற்றாலத்தை ஒட்டிய தென்காசிச் சமவெளி வறண்டது. ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, ஜூன், ஜூலையில் சாரலாகக் கொட்டுகிறது. அதனால் அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருக்கும் காடு, மேலே ஏற ஏற இலையுதிர் காடாகி, பிறகு என்றும் பசுமையான காடாக மாறிவிடுகிறது.

அங்கே நண்பகலிலும் அரையிருட்டுதான். வெளிச்சத்துக்காக மரங்கள் முப்பது மீட்டருக்கும் மேல் உயர்கின்றன. பிரம்பும் கொடிகளும் அவற்றைப் பற்றி ஏறுகின்றன. ஆர்க்கிடுகள் கிளைகளிலேயே குடியேறுகின்றன. பல மரங்களின் இலை நுனி வால் போல நீண்டிருக்கும். மழைநீர் அதன் வழியே சொட்டி வடிந்துவிடும். ஈரம் தங்கினால் இலைமேல் பாசி படரும். சத்து பெரும்பாலும் மேல்மண்ணில்தான் என்பதால் வேர்கள் ஆழம் போகாமல் பரவுகின்றன. பெருமரங்களைப் பலகை வேர்கள் தாங்குகின்றன.

மலையாளத்தில் வெடிப்பிலாவு எனப்படும் குல்லேனியா இக்காடுகளின் முக்கிய மரம். கிளைகளில் கொத்தாக ஒட்டிப் பூக்கும் அதன் பூவுக்கு அல்லி இதழே கிடையாது. சதைப்பற்றான புல்லிவட்டத்தைத்தான் சிங்கவால் குரங்கும் வௌவாலும் அணிலும் தேடி வருகின்றன. முள் நிறைந்த அதன் காயைப் பார்த்தால் உறவு புரியும்: சீசனில் குற்றாலக் கடைகளில் விற்கும் டூரியனுக்கு இது நெருங்கிய சொந்தம்.

இந்த மலையின் தாவரங்களை 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய படத்தொகுதிகளுக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். அவர்களின் பெயர் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும். நாவல் இனத்து மரம் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே குற்றாலம் இருக்கிறது: சைசீஜியம் கோர்ட்டலென்ஸ்.

செங்குறிஞ்சி என்ற மரம் ஆரியங்காவுக்குத் தெற்கே உள்ள மலைகளுக்கே உரியது. 1984-இல் அமைந்த கேரளத்தின் செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் தந்ததும் அதுவே. இங்கே அழிந்தால், மீண்டும் விதை எடுத்துவர வேறு காடு கிடையாது.