நாலு பேருக்காகவா நல்லொழுக்கம்?

"நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" இவ்வாறு சொல்லிப் பிள்ளைகளைக் கண்டிக்காத பெற்றோர் எந்நாட்டிலும் அரிது. ஆனால் இந்தக் கண்டிப்பு போதாது, தீங்கும் தரும் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சு நாட்டில் ஒரு குருவானவர் எழுதிவைத்தார். 1950-ஆம் ஆண்டில் ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருச்சபை அறிவித்த புனித லசாலே அவர்.

ரேம்ஸ் நகரப் பேராலயத்தில் மதிப்பும் வருவாயும் மிக்க பதவி அவருக்கு இருந்தது. 1683-இல் அதைத் துறந்து, எளிய ஆசிரியர்களோடு ஒருவராய் வாழத் தலைப்பட்டார். அக்காலத்தில் குழந்தைகளுக்கு முதலில் இலத்தீன் வாசிக்கவே கற்பித்தனர். ஏழைச் சிறுவனோ சில ஆண்டுகளே பள்ளிக்கு வருவான். கைக்கு வேலை கிடைத்ததும் நின்றுவிடுவான். இலத்தீனும் வராமல், தன் தாய்மொழியையும் வாசிக்கத் தெரியாமல் அவன் வெளியேறுவதைக் கண்ட லசால், பிரெஞ்சு மொழியையே முதலில் வாசிக்கச் செய்தார். வழக்கத்தை மீறியதற்காக எழுந்த எதிர்ப்பையும் தாங்கிக்கொண்டார்.

நன்கு வாசிக்கப் பழகியவனுக்குப் பாடநூலாக எது வந்தது? நன்னடத்தை நூல்! 1703-இல் லசால் வெளியிட்ட அந்நூலில் கொட்டாவி விடுவது, மூக்குச் சிந்துவது, பந்தியில் அமர்வது, பிறரோடு உரையாடுவது யாவும் உண்டு. இத்தகைய நூல்களைக் கையெழுத்தைப் போன்ற அச்செழுத்தில் பதிப்பிப்பது பிரான்சில் நெடுநாளைய வழக்கம்; அவ்வெழுத்துக்கே 'நன்னடத்தை எழுத்து' என்று பெயர் வந்தது. ஒரே ஏட்டில் எழுத்தும் பண்பும்!

அந்நூலின் முன்னுரையில்தான் லசால் பெற்றோருக்கு அறிவுரை கூறுகிறார். பிறர் இகழ்வார்கள் என்று அச்சுறுத்தினால் பிள்ளையிடம் உலகப்பற்றே வளரும். இறைவன் உடனிருக்கிறார், எதிரில் நிற்பவரும் கிறிஸ்துவின் உறுப்பு என்று உணர்த்துங்கள் என்பதே அவர் கருத்து.

இன்றைய பிரான்சில் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் மறைக்கல்வி இல்லை. ஆயினும் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் பயிலும் 'எக்கோல் மத்தெர்னெல்' என்னும் மழலையர் பள்ளியில் எழுத்தும் பண்பும் இன்னும் கைகோத்தே நடக்கின்றன. 1881-இல் இப்பெயர் பெற்ற அப்பள்ளிகளைச் சீர்திருத்திய பவுலின் கெர்கோமார் அம்மையார், பிஞ்சுகளுக்கு அவசர அவசரமாய் வாசிப்பைத் திணிப்பதை எதிர்த்தார். 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். எனினும் முறையான வாசிப்புப் பாடம் ஆறு வயதில்தான்.

அதுவரை என்ன செய்கிறார்கள்? காலையில் குழந்தை 'போன்ழூர்' என்று வணங்கி நுழைகிறது. தன் பெயர் எழுதிய அட்டையைத் தேடி எடுத்துப் பலகையில் வைக்கிறது. அதுவே முதல் வாசிப்பு! எதையேனும் கேட்டால், 'தயவுசெய்து' என்னும் 'மந்திரச் சொல்' எங்கே என்று ஆசிரியை காத்திருக்கிறார்.

இன்னும் அழகிய பயிற்சி ஒன்றுண்டு. குழந்தைகள் ரொட்டிக் கடையொன்றைப் பார்த்துவந்தனர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். குழந்தைகள் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதுகிறார். "இப்படிச் சொன்னால் அவருக்கு விளங்குமா?" என்று வினவுகிறார், குழந்தைகள் யோசித்து வாக்கியத்தைத் திருத்துகின்றனர். அடியில் ஒவ்வொருவரும் தட்டுத்தடுமாறித் தம் பெயரை எழுதுகின்றனர். எதிரில் இல்லாத ஒருவரையும் மனத்தில் நிறுத்திப் பேசுவதே எழுத்து. அவரை மதித்துப் பேசுவதே பண்பு. இரண்டும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடுகின்றன.

பெற்றோரே, பிள்ளையின் கையில் பலகையும் குச்சியும் கொடுக்குமுன் அதன் பேச்சைச் செவிமடுப்போம். "நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்பதை விடுத்து, "உன் எதிரில் நிற்பவர் யார், தெரியுமா?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு விடை கற்ற பிள்ளை, யாரும் பாராத இடத்திலும் பண்போடு நடக்கும்.