பல்மருத்துவரின் நான்கு கைகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வசிக்கும் மாணவர்களுக்குப் பல்மருத்துவம் தொலைவான பொருளன்று. மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல்மருத்துவக் கல்லூரி, வேலப்பன்சாவடியில் சவீதா, முகப்பேரை அடுத்த கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீ இராமச்சந்திரா என்று சென்னையின் மேற்கு ஓரத்தில் பல்மருத்துவம் கற்பிக்கும் இடங்கள் பல உள்ளன. கடைத்தெருவில் மாடிப்படியேறிச் செல்லும் சிறிய பல்மருத்துவ நிலையங்களுக்கோ கணக்கே இல்லை. நீங்களும் என்றாவது ஒரு நாள் வீங்கிய கன்னத்துடன் அந்த நீண்ட நாற்காலியில் சாய்ந்திருக்கலாம்.

அப்போது யாரைப் பார்த்தீர்கள்? மருத்துவரைத்தான் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் இருப்பது ஊசியா, குறடா என்ற கவலை உங்களுக்கு. ஆனால் உங்கள் இடத்தோளுக்கு அருகே இன்னொருவர் அமர்ந்திருந்தார் அல்லவா? எல்லாரும் 'சிஸ்டர்' என்று அழைக்கும் அவர்தான் பல்மருத்துவ உதவியாளர். அவர் என்ன செய்தார் என்று கேட்டால், "எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்" என்பீர்கள். அது அவர் வேலையில் கால் பங்குகூட இல்லை. வாருங்கள், இன்று நாம் நாற்காலியின் அந்த இடப்பக்கத்துக்குச் சென்று, அங்கே நடப்பதைக் கற்போம்.

இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல்மருத்துவர் இருந்தார். அந்தக் காலத்தில் பெண்கள் துணையின்றிப் பல்மருத்துவரிடம் தனியே செல்லத் தயங்கினர். 1885-ஆம் ஆண்டில் கெல்ஸ், மால்வினா குவேரியா என்ற பெண்ணைத் தம் உதவிக்கு அமர்த்தினார். பெண் உதவியாளர் இருக்கிறார் என்று தெரிந்ததும் பெண்கள் தயக்கமின்றி வரத் தொடங்கினர். துணைக்கு நின்றவர் நாளடைவில் கருவிகளை எடுத்துத் தரவும் மருந்துகளைக் குழைக்கவும் கற்றுக்கொண்டார். வாயில் சேரும் நீரையும் இரத்தத்தையும் மின்சாரத்தால் உறிஞ்சும் கருவியை அமைப்பதிலும் இதே கெல்ஸ் ஒரு முன்னோடி. இவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அது சற்றுத் துயரமானது, பிறகு வருவோம்.

கடிகாரத்தின் மேல் ஒரு நோயாளி

மேலிருந்து கீழே பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் முகத்தை ஒரு கடிகாரத்தின் நடுவாகக் கொள்ளுங்கள். உச்சந்தலை இருக்கும் திசை 12. கால்கள் இருக்கும் திசை 6. வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் 7 முதல் 12 வரையுள்ள பகுதியில், பெரும்பாலும் 9-க்கும் 12-க்கும் நடுவே, அமர்வார். உதவியாளரின் இடம் 2 முதல் 4 வரை. 4 முதல் 7 வரையுள்ள பகுதி, அதாவது மோவாய்க்குக் கீழே மார்புக்கு மேலே உள்ள வெளி, கருவிகள் கைமாறும் இடம். 12-க்கும் 2-க்கும் நடுவில் ஆள் இருப்பதில்லை. தள்ளுவண்டி மேசை போன்றவை அங்கே நிற்கும்.

உதவியாளரின் இருக்கை மருத்துவரின் இருக்கையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். ஏன் என்று யோசியுங்கள். வாயின் உட்புறத்தை இருவருமே காண வேண்டும். ஒரே உயரத்தில் அமர்ந்தால், மருத்துவரின் கைகள் உதவியாளரின் பார்வையை மறைத்துவிடும்; எட்டிப் பார்க்க முதுகை வளைக்க நேரும். நாளுக்கு எட்டு மணி நேரம் வளைந்தால் சில ஆண்டுகளில் முதுகுவலி நிச்சயம்.

இப்போது துளைகருவிக்கு வருவோம். 'ஏர்ரோட்டர்' என்று இதைச் சொல்வார்கள். ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல்மருத்துவர் 1957-இல் அறிமுகப்படுத்திய கருவி இது. அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது; முனையிலுள்ள துளையலகு நிமிடத்துக்கு மூன்று, நான்கு இலட்சம் முறை சுழல்கிறது. உங்கள் வீட்டு மிக்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 20,000 முறை சுழல்வதற்கே எவ்வளவு ஓசையிடுகிறது, பாருங்கள்! இவ்வளவு வேகத்தில் உராய்ந்தால் வெப்பம் எழும். பல்லின் நடுவிலுள்ள பற்கூழ் உயிருள்ள திசு. நரம்பும் இரத்தக் குழாயும் அதில் உள்ளன. அதன் வெப்பநிலை ஐந்தரை டிகிரி உயர்ந்தாலே சில பற்களின் கூழ் பட்டுப்போகும் என்பதைக் குரங்குகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 1965-இல் காட்டியது. ஆகவே துளைகருவி தானே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே துளைக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? படுத்திருப்பவரின் தொண்டைக்குத்தான். உறிஞ்சு குழாயின் தேவை இங்கேதான் எழுகிறது.

குழாயைப் பிடிப்பதில் என்ன கலை இருக்கிறது என்று நினைப்பீர்கள். முதலில் நுழைய வேண்டியது குழாய். துளைகருவி அதன் பிறகே. இந்த வரிசை மாறினால், மருத்துவரின் கையைச் சுற்றிக்கொண்டு வழி தேட வேண்டியிருக்கும். குழாயின் சாய்வாக வெட்டப்பட்ட வாய், வேலை நடக்கும் பல்லுக்கு இணையாக, அதற்குச் சற்றுப் பின்னே இருக்க வேண்டும். மிக அருகே கொண்டுபோனால், பல்லைக் குளிர்விக்க வேண்டிய நீரையே அது விழுங்கிவிடும். கன்னத்தின் மேல் ஒட்டினால், சதையை இழுத்துக் கவ்விக்கொள்ளும். மெல்லண்ணத்தைத் தொட்டாலோ நோயாளிக்குக் குமட்டல் வந்துவிடும். இதையெல்லாம் உதவியாளரின் வலக்கை பார்த்துக்கொள்கிறது. அவருடைய இடக்கைக்கு வேறு வேலை.

இடக்கைதான் கருவிகளைத் தருகிறது. மருத்துவர் பல்லிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. கையை மட்டும் சற்றே விலக்குவார். உதவியாளரின் இடக்கைச் சுண்டுவிரல், பழைய கருவியை வாங்கி மடக்கிக்கொள்ளும். அதே நொடியில், கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் பிடித்திருக்கும் புதிய கருவி மருத்துவரின் விரல்களுக்கிடையே அமரும். அதன் முனை மேல்தாடைப் பல்லுக்கானால் மேல்நோக்கியும், கீழ்த்தாடைப் பல்லுக்கானால் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். வாங்கியவர் அதைத் திருப்பிப் பிடிக்க நேர்ந்தால், கொடுத்தவர் பாடம் சரியாகக் கற்கவில்லை என்று பொருள். எந்தக் கருவியும் நோயாளியின் கண்களுக்கு மேலே செல்லலாகாது. நழுவினால் விழும் இடம் எது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பென்சில்களை வைத்துக்கொண்டு இதை நண்பருடன் பழகிப் பாருங்கள். முதல் பத்துத் தடவை பென்சில் தரையில்தான் கிடக்கும்.

பற்களின் எண்களைப் பற்றி ஒரு சொல். வாயை நான்காகப் பகுத்து, வலப்பக்க மேல்தாடையை 1, இடப்பக்க மேல்தாடையை 2, இடப்பக்கக் கீழ்த்தாடையை 3, வலப்பக்கக் கீழ்த்தாடையை 4 என்பர். நடுவிலிருந்து எண்ணினால் முதல் கடைவாய்ப்பல் ஆறாவது. எனவே '46' என்றால் வலப்பக்கக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். இதை 'நாற்பத்தாறு' என்று சொல்வதில்லை; 'நான்கு, ஆறு' என்றே சொல்வர். வலம், இடம் என்பது எப்போதும் நோயாளியின் வலமும் இடமுமே. 46-ஐ 36 என்று எழுதிவிட்டால், நல்ல பல்லுக்கு ஆபத்து.

அச்சு எடுக்கும் பசையைக் குழைப்பதும் உதவியாளரின் பொறுப்பே. அதன் பெயர் ஆல்ஜினேட். பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து கிடைக்கும் பொருள்; நம் மன்னார் வளைகுடாக் கரையில் சேகரிக்கப்படும் சர்காசம், டர்பினேரியா என்ற பாசிகளில் இது உண்டு. பொடியில் கரையக்கூடிய ஆல்ஜினேட் உப்பும் கால்சியம் சல்பேட்டும் கலந்திருக்கின்றன. தண்ணீர் சேர்த்ததும் கால்சியம் அயனிகள் ஆல்ஜினேட்டின் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க, கரையாத களி உருவாகிறது. வெந்நீரில் இந்த வினை விரைந்து நடக்கும், குளிர்நீரில் தாமதமாகும். சித்திரை மாதத்தில் அம்பத்தூர் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை அப்படியே ஊற்றிக் குழைத்தால், பசை வாய்க்குப் போகும் முன்பே கிண்ணத்தில் உறைந்துவிடும்!

கெல்சின் கை

ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895-இன் இறுதியில். அடுத்த ஆண்டிலேயே கெல்ஸ் அதைப் பற்களைப் படமெடுக்கப் பயன்படுத்தினார். கதிர் சரியாக வருகிறதா என்று அறிய, தம் கையையே குழாயின் முன் நீட்டி, எலும்பின் நிழலைப் பார்ப்பார். கதிரின் தீங்கை அன்று யாரும் சரிவர அறியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு கையில் புற்றுநோய் கண்டது. அறுவை மேல் அறுவை. முதலில் விரல்கள் போயின, பின்னர் கையே போயிற்று. 1928-இல் அவர் மறைந்தார்.

இன்று எந்தப் பயிற்சியிலும் உதவியாளருக்குச் சொல்லப்படும் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: நோயாளியின் வாயிலுள்ள எக்ஸ்-கதிர்ப் படலத்தை உன் விரலால் ஒருபோதும் பிடிக்காதே. அதற்கென்று தாங்கி உள்ளது. கதிர் பாயும் நேரத்தில் குறைந்தது இரண்டு மீட்டர் விலகி, கதிரின் நேர்வழியில் இல்லாமல் நிற்க வேண்டும். தூரம் இருமடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும் என்பதை நீங்கள் இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள்.

ஒரு புட்டி உப்புநீர்

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய வேலை: தூய்மை. ஒரு வாயிலிருந்து வந்த எதுவும் அடுத்த வாய்க்குப் போகக்கூடாது. பயன்படுத்திய கருவிகளைக் கொதிக்க வைத்தால் போதாதா? போதாது. சில நுண்ணுயிர்களின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸ் நீரிலும் பிழைத்திருக்கும். எனவே ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரிக்கு வெப்பம் ஏற்றி, பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைக்கின்றனர். வீட்டுப் பிரஷர் குக்கரும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். ஆனால் கலத்தில் வைப்பதற்கு முன் கருவியை நன்றாகக் கழுவித் தேய்க்க வேண்டும். உலர்ந்த இரத்தத்தின் அடியில் நீராவி எட்டாது. அழுக்குக் கருவி ஒரு பக்கம் நுழைந்து, தூய கருவி மறுபக்கம் வெளிவர வேண்டும். வந்த வழியே திரும்பலாகாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கிறீர்களா? அண்மையில் நம் மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2022-23-இல் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், மூளையைத் தாக்கும் ஒரு நோய் 21 பேரிடம் காணப்பட்டது. மெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினரும், அரசின் பொதுச் சுகாதாரத் துறையினரும், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் சேர்ந்து ஆராய்ந்தனர். இந்நிறுவனம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில்தான் உள்ளது. 21 பேரில் 10 பேர், திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரே பல்மருத்துவ நிலையத்துக்குச் சென்றவர்கள் என்பது தெரியவந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோயினர்.

காரணம் எது? வாயைக் கழுவப் பயன்பட்ட உப்புநீர்ப் புட்டி. ஈறை எலும்பிலிருந்து நெம்பிப் பிரிக்கும் கருவியாலேயே அப்புட்டியைத் திறந்திருக்கின்றனர். பிறகு சரிவர மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே எடுத்திருக்கின்றனர். பயன்பாட்டிலிருந்த உப்புநீரில் அந்தப் பாக்டீரியா இருந்தது. இது எளிதில் சாகும் உயிரன்று. வேறோர் ஆய்வில், காய்ச்சி வடித்த நீரில் பதினாறு ஆண்டுகள் வைத்திருந்தும் பிழைத்திருந்தது. வாய்வழி நுழைந்த கிருமி, முகத்தின் நரம்புகள் வழியே மூளைத்தண்டை அடைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்த ஆய்வு 2025-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளிவந்தது.

புட்டியைத் திறப்பது, மூடுவது, மீதியைக் கொட்டுவது — இவை யாரும் பெரிதாக மதிக்காத வேலைகள். 1948-இல் இயற்றப்பட்ட பல்மருத்துவர் சட்டம்கூட மருத்துவர், பல் துப்புரவுநர், பல் கட்டுநர் என்று மூவரைத்தான் வரையறுத்தது. நாற்காலியருகே இருக்கும் உதவியாளருக்கு அதில் இடமில்லை. வேலையில் சேர்ந்து, மூத்தவரைப் பார்த்துக் கற்றவர்களே இங்கு மிகுதி. பார்த்துக் கற்பதில் ஒரு தொல்லை: மூத்தவர் செய்யும் தவறும் பாடமாகிவிடும். அந்தப் புட்டியையும் யாரோ ஒருவர், எப்போதும் திறப்பது போலத்தான் திறந்திருப்பார்.

கையுறை அணிந்துவிட்டால் எல்லாம் தூய்மை என்ற எண்ணமும் இப்படி ஒன்றுதான். கையுறை, அணிந்தவரைக் காக்கும். அது தொடும் இழுப்பறைப் பிடியையோ பேனாவையோ தொலைபேசியையோ காப்பதில்லை. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வலக்கை விரல்களில் துளி எண்ணெய் தடவி, சிவப்புக் கோலப்பொடியில் தொட்டு, மிகுதியை உதறிவிடுங்கள். அந்த விரல்கள்தாம் நோயாளியின் வாயைத் தொட்ட விரல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் வழக்கம்போல் இருங்கள்: புத்தகத்தை எடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மின்விசிறியைப் போடுங்கள். எதையும் தவிர்க்க முயல வேண்டாம். பத்தாவது நிமிடம் ஒரு தாளில் சிவப்பு பட்ட இடங்களையெல்லாம் பட்டியலிடுங்கள். தண்ணீர்ப் புட்டியின் மூடியையும், உங்கள் மூக்கு நுனியையும் பார்க்க மறவாதீர்கள்.