பவளத்தொட்டியில் பாசி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞத்தில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பொதுமக்களுக்கென ஒரு கடல்மீன் காட்சியகத்தை அமைத்துள்ளது. கடல்நீர்த் தொட்டிகளில் பவளம் வளர்ப்போர் பெரிதும் அஞ்சுவது இழைப்பாசியையே.

பாசியைச் சுரண்டி எடுத்தாலும் சில நாட்களில் அது மீண்டும் தழைக்கிறது. மீன் உண்ணாது விட்ட இரையும் கழிவும் அழுகுவதால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரில் பெருகுகின்றன. இவையே பாசிக்கு உரம். உரம் குறையாமல் பாசி ஒழியாது.

பாசி மிக முற்றினால் தொட்டியைப் புதுப்பிப்பதே தகுந்த வழியாகும். மீன்களையும் பவளங்களையும் வேறு தொட்டிக்கு மாற்றிய பின், பாறைகளைத் தேய்த்துக் கழுவி, கடல்நீரில் சில வாரங்கள் இருட்டில் வைத்தல் வேண்டும். ஒளியின்றிப் பாசி மடியும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கும். மடிந்த பாசியின் உரம் நீரில் கலக்குமாதலால், அந்நீரை அடிக்கடி மாற்றுதல் அவசியம். மணலில் தேங்கிய வண்டலையும் குழாயால் உறிஞ்சி அகற்றுதல் வேண்டும். பின்னர், ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள புதுநீரை நிரப்பி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் மறையும்வரை காத்திருத்தல் வேண்டும். முதலில் பாசி மேயும் நத்தைகள், அடுத்துச் சில மீன்கள், இறுதியில் பவளங்கள் என்பதே முறை.

இதில் அவசரம் கூடாது. கற்பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மடிந்த பவளத்துக்கு ஈடாகக் கடலிலிருந்து மற்றொன்றை எடுப்பது குற்றமாகும்.

பள்ளியில் இதனை விளக்கப் பவளம் தேவையில்லை. இரண்டு கண்ணாடிச் சாடிகளில் குளத்துநீரை வெளிச்சத்தில் வைத்து, ஒன்றில் மட்டும் சிறிது மீனிரை இடலாம். எந்த நீர் விரைவில் பச்சையாகிறது என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.