கதைக்குள் கதாசிரியர்

ஆசிரியர் ஒருவர் தாம் படைத்த கற்பனை உலகத்திற்குள் தாமே ஒரு பாத்திரமாகப் புகுவது பழைய வழக்கம். பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, நரகத்தையும் சுவர்க்கத்தையும் சுற்றிவரும் வழிப்போக்கராகத் தம்மையே வைத்துக் காவியம் பாடினார். அந்நெடும் பாட்டில் அவர் பெயர் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. அதுவும் அவர் நேசித்த பெயாத்ரிசே அவரைக் கடிந்துகொள்ளும் இடத்தில்.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று, 1910-இல் நூலாக வெளிவந்த பாரதியாரின் 'ஞானரதம்'. திருவல்லிக்கேணி வீட்டிலிருந்தபடியே கதை சொல்பவர் ஞானம் என்னும் தேரில் ஏறுகிறார். கவலையற்ற உபசாந்தி லோகத்தின் வாயிலை அடைகிறார். மனத்தைத் துறந்தாலன்றி உள்ளே நுழைய இயலாது என்று அறிந்ததும், அதைப் பிரிய இயலாமல் திரும்புகிறார். வேறொருவரைத் தலைவராக்கியிருந்தால் இது வெறும் தத்துவக் கதையாகியிருக்கும். தாமே வாயிலில் நிற்பதால் அத்தயக்கம் உயிர் பெறுகிறது.

பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் கதை எழுதப் புகும் இளைஞர்க்கு இது பொருந்தும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. பாதி நாளுக்கு 'அரைப்பேர்'. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமோ அவர்தம் முன்னோரிற் பெரும்பாலோர்க்குக் குடியுரிமையையே மறுத்தது. ஏடுகளில் பெயர் குறைந்தும் மறைந்தும் போன மக்கள், தம் பெயரோடு தம் கதைக்குள் நுழைவதை வீண் பெருமை என்னலாமா? மாய உலகம் செல்லும் தேர் நமுனுகுலை மலையடியில், லயத்து வாசலிலிருந்தே புறப்படட்டும். ஏறுபவர் முழுப்பேருடன் ஏறட்டும்.